சிலையின் முதுகையும் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

அருங்காட்சியகம், ஓவியக்கூடம், பழைய சுவரோவியம் ஆகியவை பற்றி மதுரை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

குடும்பத்தோடு எழும்பூர் அருங்காட்சியகம் போனோம். மூன்று மணி நேரம் சுற்றியும் கால் வலிதான் மிச்சம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. அடுத்த முறை எப்படிப் பார்க்க வேண்டும்?
– வாசகர், உசிலம்பட்டி

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைத்ததுதான் கோளாறு. 1851-ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் ஒரே கட்டடம் இல்லை, ஒரு வளாகம். கற்சிற்பம், வெண்கலம், நாணயம், விலங்கியல், தாவரவியல், மானுடவியல், ஓவியம் என்று தனித்தனிப் பிரிவுகள். துறை படித்தவர்களே ஒரு நாளுக்கு ஒரு பிரிவுதான் பார்ப்பார்கள்.

எந்தக் கூடம் என்பதை மதுரையிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனால் விடிகிற நேரத்துக்கு எழும்பூரில் இறங்கலாம். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் கதவு திறப்பது காலை 9.30-க்கு, வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே போனதும் நேராக நீங்கள் தேர்ந்தெடுத்த கூடத்துக்குப் போங்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று முதல் கூடத்தில் நுழைந்து, ஒவ்வொரு பலகையையும் விடாமல் படிக்க ஆரம்பித்தால் மூன்றாவது கூடத்தில் கண் திறந்திருக்கும், மனம் மூடிவிடும். முதல் முக்கால் மணி நேரம்தான் கண்ணுக்குத் தெம்புள்ள நேரம். அதை நாணயப் பெட்டியில் தொலைத்துவிட்டு வெண்கலத்தின் முன் கொட்டாவி விடுகிறவர்கள்தான் அதிகம்.

கூடத்துக்குள் முதல் பத்து நிமிடம் எதையும் படிக்காமல் ஒரு சுற்று வாருங்கள். தானாகக் கண்ணை இழுத்த நான்கு பொருள், பிடிக்கவே பிடிக்காத ஒன்று, ஆக ஐந்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்காததைச் சேர்க்கச் சொல்வது சும்மா இல்லை. ஏன் பிடிக்கவில்லை என்று யோசிக்கும்போதுதான் நமக்கு என்ன பழகியிருக்கிறது என்பது பிடிபடும். பிறகு அந்த ஐந்தின் முன் தலா ஐந்து நிமிடம். இது அதிகமாகத் தோன்றலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஓவியத்தின் முன் நின்ற நேரம் சராசரியாக 27 வினாடி. அதில் பாதி 17 வினாடிக்குள் முடிந்துவிட்டது. அங்கேயே அப்படி என்றால் நம்மை நாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

ஐந்து நிமிடம் என்ன செய்வது? முதல் நிமிடம் பலகை பக்கம் திரும்ப வேண்டாம். சிலையானால் பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, கை என்ன செய்கிறது, கடைசியில் முகம். முகத்தில் ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுவோம். ஓவியமானால் முதலில் அதன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நின்று, எந்த இடம் அதிக வெளிச்சம், எது அதிக இருட்டு என்று பாருங்கள். பிறகு கைக்கெட்டாத தூரம் வரை நெருங்கி, தூரிகை போன திசையைப் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். வண்ணம் தடிப்பாக அப்பியிருக்கிறதா, மெல்லியதாகப் பூசியிருக்கிறதா என்பது சாய்வில்தான் தெரியும். அடுத்து முதுகைத் திருப்பிக்கொண்டு, பார்த்ததில் மூன்று விஷயங்களைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடத்தைத் திரும்பப் பாருங்கள். பலகை அதற்கப்புறம். அதிலும் பெயரை விட்டுவிட்டு எதனால் செய்தது, எந்த ஊரில் கிடைத்தது, என்ன அளவு என்பவற்றை முதலில் படியுங்கள்.

ஐந்து முடிந்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு இன்னொரு ஐந்து. ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்: கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றால் சிலைக்குப் பதில் உங்கள் சட்டைதான் தெரியும். கறுப்போ கருநீலமோ நல்லது.

அரசு அலுவலகம் மாதிரி, கோயில் வெண்கலச் சிலை எல்லாமே ஒரே தோற்றத்தில் இருக்கிறது. "சோழர் காலம்" என்று பலகையில் போட்டிருந்தால் தலையாட்டிவிட்டு நகர்கிறோம். வித்தியாசம் கண்டுபிடிக்க என்ன வழி?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

உவமை பலே. ஆனால் கோயிலில் நாம் உற்சவரைப் பார்ப்பதே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். பட்டும் மாலையும் நகையுமாக, முகமும் கையும் மட்டும்தான் தெரியும். சிற்பி செதுக்கிய இடுப்பும் முழங்காலும் முதுகும் துணிக்குள் போய்விடும். அருங்காட்சியகத்தில்தான் முழு வேலையும் வெளியே வருகிறது. அங்கே போயும் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தால், கோயிலில் பார்த்ததையேதான் திரும்பப் பார்த்திருக்கிறோம்.

முதலில் செய்முறை தெரிந்திருக்க வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் சிலையை முழுதாகச் செய்வார்கள். அதன் மேல் நைசான வண்டல் மண் ஒரு பூச்சு. மெழுகிலுள்ள ஒவ்வொரு வரியையும் பிடிப்பது இந்த முதல் பூச்சுதான். அது காய்ந்தபின் கரடான மண்ணைத் தடிப்பாக அப்பி, கம்பி கட்டிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் செம்பு பெரும்பங்காக உள்ள உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒரு வார்ப்புக்கு ஒரு சிலைதான், அச்சு மிஞ்சாது. சோழர் காலத்து நல்ல சிலைகளில் நுணுக்க வேலை பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்திருக்கும் என்பது பொதுவான கணிப்பு. அதனால் நகையின் வரிகூட உடம்போடு ஒட்டி, விளிம்பு மழுங்கலாக இருக்கும். பிற்காலத்தில் வார்த்த பிறகு உளியால் வெட்டுவது கூடிப்போனது. கோடு கூர்மையாக, கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும்.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். மூக்கையும் முழங்காலையும் பாருங்கள். சோழர் சிலையில் தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரே ஓட்டமாக வழிந்து வரும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் முழங்கால் சில்லு தனியாகப் புடைக்கும், மூக்கு கிளி மூக்காக நீளும், மார்பு விறைப்பாக முன்னே வரும், நகை எண்ணிக்கை ஏறும். விஷ்ணு சிலையில் சக்கரத்தைக் கவனியுங்கள். பல்லவர் காலத்தில் அதன் விளிம்பு நம்மைப் பார்த்திருக்கும், சுடர் இருக்காது. பிறகு சுடர்கள் முளைத்து, சக்கரத்தின் முகம் நம் பக்கம் திரும்பிவிடும். நூற்றாண்டை இது ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பலகையைப் படிப்பதற்கு முன் ஒரு ஊகம் செய்ய இது போதும். ஊகம் தப்பினாலும் பரவாயில்லை, தப்பிய இடத்தில்தான் கண் கூர்மையாகும்.

நடராசர் என்றால் மதுரைக்காரர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் அவர் கால் மாறி ஆடுகிறார். வலது கால் தூக்கி, இடது கால் ஊன்றி. ராசசேகர பாண்டியன் கேட்டுக்கொண்டதால் மாறினார் என்பது திருவிளையாடல். மற்ற ஊர்களில் இதற்கு நேர் எதிர்: இடது கால் மேலே, வலது கால் முயலகன் முதுகில். அருங்காட்சியக நடராசர் முன் நின்று முதலில் காலைப் பாருங்கள். பிறகு காதைப் பாருங்கள். ஒரு காதில் ஆண் அணியும் குழை, மறு காதில் பெண் அணியும் தோடு. பின்கைகளில் ஒன்றில் உடுக்கை, ஒன்றில் தீ. முன் வலக்கை அபயம். முன் இடக்கை யானைத் துதிக்கை போல நீண்டு, தூக்கிய காலைக் காட்டுகிறது. அந்தக் கையிலிருந்து பாதம், பாதத்திலிருந்து திருவாசி (சுற்றியுள்ள தீ வளையம்), திருவாசியிலிருந்து தலை என்று கண் தானாக ஒரு சுற்று வரும். சிற்பி போட்டுவைத்த பாதை அது.

பீடத்தையும் விடாதீர்கள். பீடத்தில் துளையோ வளையமோ இருந்தால் அது உலா போன சிலை, அதில் கழி செருகியிருப்பார்கள். முகம் தேய்ந்திருந்தால் நெடுங்காலம் அபிஷேகம் கண்டது. பச்சை படிந்திருந்தால் பெரும்பாலும் மண்ணுக்குள் கிடந்தது. படையெடுப்புக் காலத்தில் புதைத்து வைத்து, பல நூறு ஆண்டு கழித்து ஏர் முனையிலோ அஸ்திவாரக் குழியிலோ கிடைத்தவை நிறைய.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியது. அங்கே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் இருக்கிறார். 1011-ம் ஆண்டுச் சிலை. காளை மேல் ஒயிலாகக் கையை ஊன்றி, கால் மாற்றி நிற்கிறார். சடையைப் பாம்புகளோடு தலைப்பாகை மாதிரி சுற்றியிருக்கிறார். ஆனால் காளை கிடைக்கவில்லை. கை வெறும் காற்றில் நிற்கிறது. அந்தக் கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, விரல்கள் எப்படித் தொய்கின்றன என்று பார்த்துக் காளையின் முதுகை உங்களால் மனதில் வரைய முடியும். பிறகு சுற்றிப் போய் முதுகுப் பக்கம் பாருங்கள். கோயிலில் ஆயுளுக்கும் பார்க்கக் கிடைக்காத பக்கம்.

படம் எடுக்கலாமா? பிளாஷ் போட்டால் என்ன ஆகிவிடும்?
– வாசகர், ஆனையூர்

இடத்துக்கு இடம் விதி வேறு, சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனே கூடாது, ஆகவே ஆயிரங்கால் மண்டபக் கலைக்கூடத்தில் கேள்விக்கே இடமில்லை. பிளாஷ் எங்குமே வேண்டாம். காகிதம், துணி, நீர்வண்ணம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்குச் சுமார் 200 லக்ஸ் என்று விளக்கை அளந்து வைப்பது வழக்கம். வெளிச்சம் தின்ற நிறம் திரும்பாது என்பதுதான் காரணம். கூடம் இருட்டாக இருக்கிறதே என்று குறைபடாமல், வெயிலிலிருந்து வந்ததும் ஐந்து நிமிடம் பொறுங்கள், கண் பழகிவிடும். பிளாஷ் போட்டால் படத்திலும் கண்ணாடியின் பளீர்தான் விழும்.

படம் எடுப்பதென்றால் பார்த்து முடித்த பிறகு எடுங்கள். கூடவே பலகையையும் ஒரு படம். இல்லையென்றால் வீட்டுக்கு வந்தபின் எது எந்த ஊர்ச் சிலை என்று தெரியாது.

மகள் சென்னையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு படத்தில் ஜாதகக் கட்டம் மாதிரியும் எழுத்து மாதிரியும் இருந்தது. கிட்டப் போய் வாசிக்கப் பார்த்தேன், ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. "இதை நம்ம வீட்டுப் பிள்ளையே கிறுக்கிடும்" என்றார் என் நாத்தனார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, மேலூர்

வாசிக்க முடியாதபடிதான் அதை வரைந்திருக்கிறார்கள், உங்கள் கண்ணில் குறை இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைச் சேர்ந்ததாகவோ அந்த வழியில் வந்ததாகவோ இருக்க வேண்டும். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த பணிக்கர் 1963-ல் அந்த வரிசையைத் தொடங்கினார். கணக்கு நோட்டு, ஜாதகம், ஓலைச்சுவடி ஆகியவற்றின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார், பொருளை விட்டுவிட்டார். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமம் உருவானதும் அவர் முயற்சியில்தான். ஓவியர்கள் பத்திக் துணி வேலை செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள்.

ஜாதகக் கட்டத்தைக் கண்டதும் நமக்கு என்ன நடக்கிறது? லக்னம் எங்கே, சனி எங்கே என்று கண் தேடுகிறது. எழுத்தைக் கண்டால் வாய் உச்சரிக்கப் பார்க்கிறது. பணிக்கர் அந்தப் பழக்கத்தைத் தூண்டிவிட்டு, பதில் தராமல் நிறுத்திவிடுகிறார். அப்போது கண் வேறு வேலை பார்க்க ஆரம்பிக்கும். வரிகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே காலி விட்டிருக்கிறார், எந்த இடத்தில் ஒரே ஒரு வண்ணம் மட்டும் தூக்கலாக இருக்கிறது. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் ஆலாபனை பண்ணும்போது "இதுக்கு என்ன அர்த்தம்" என்று யாரும் கேட்பதில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, ஓரிடத்தில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். உருவமில்லாத ஓவியத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நடைமுறையாகச் சொன்னால், முதலில் படத்தின் அளவைப் பாருங்கள். செல்போனில் பார்த்தால் எல்லாப் படமும் உள்ளங்கை அளவுதான், நேரில் ஆள் உயரம் இருக்கலாம். அளவு மாறினால் அனுபவமும் மாறும். அடுத்து எந்த வண்ணம் எதன் மேல் ஏறியிருக்கிறது என்று ஓரங்களில் தேடுங்கள். ஓவியர் எதை முதலில் போட்டார், எதை மறைத்தார் என்பது அங்கே தெரியும். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சில்லறை விவரம் மறைந்து பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும் மட்டும் நிற்கும். அந்த இரண்டும் எப்படிச் சமன்படுகின்றன என்பதில்தான் பாதி ஓவியம் இருக்கிறது.

நாத்தனாருக்குப் பதில் வாக்குவாதத்தில் கிடைக்காது. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, அந்தப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். முதல் கோட்டை எங்கே வைப்பது, அடுத்ததை எவ்வளவு தள்ளி வைப்பது என்று கை தயங்கும். ஓவியர் ஒவ்வொரு இடத்திலும் முடிவு எடுத்திருக்கிறார் என்பது அந்தத் தயக்கத்தில் புரியும். அப்படியும் பிடிக்கவில்லையா? பிடிக்காமல் போகட்டும், அதுவும் ஒரு தீர்ப்புத்தான். எதனால் என்று ஒரு வரி சொல்லத் தெரிந்தால் போதும். நவீன ஓவியம் என்றாலே மெய்சிலிர்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அந்தச் சுவர்களில் சுமாரான படங்களும் தொங்கத்தான் செய்யும்.

அடுத்த முறை போனால் பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்களையும் தேடிப் பாருங்கள். தகட்டைத் தட்டி, கம்பியை ஒட்டிச் செய்தவை. முன்பக்கம் மட்டுமே உள்ளவை. மூலவருக்குச் சாத்தும் கவசத்தை அருகில் பார்த்தவர்களுக்கு அந்த வேலை அந்நியமாக இருக்காது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 45 பேரை மதுரைக்குள்ளேயே ஒரு நாள் கலைப்பயணம் கூட்டிப்போக வேண்டும். போன வருடம் வரிசையாக நடந்து, வரிசையாக வெளியே வந்தார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள்.
– ஆசிரியை, வாடிப்பட்டி

வரிசைதான் கெடுத்தது. முன்னால் நிற்பவன் சிலையைப் பார்ப்பான், பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனின் பையைப் பார்ப்பான்.

இரண்டு இடம் போதும். காலையில் தமுக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்திலுள்ள அரசு அருங்காட்சியகம், பிற்பகலில் திருமலை நாயக்கர் மகால். ஒரு வாரம் முன்னதாகக் காப்பாட்சியருக்குப் பள்ளிக் கடிதம் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கு வேறு பள்ளி வருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிள்ளைகளை ஒன்பது பேராக ஐந்து குழு பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டே பொருள். எந்தெந்தப் பொருள் என்று நீங்கள் முந்தைய வாரமே தனியாகப் போய்ப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டும், இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். பேனா வேண்டாம், பென்சில் மட்டும். மை சிந்தினால் கல்லிலிருந்து போகாது. அழிப்பான் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பத்து நிமிடமும் அழிப்பதிலேயே கழியும்.

முதல் பத்து நிமிடம் அந்தப் பொருளை வரையட்டும். படம் நன்றாக வர வேண்டியதில்லை. வரைகிறவன் கண் ஒரு சிலைக்கும் தாளுக்கும் நூறு முறை போய்வரும், அதற்குத்தான். பிறகு கேள்விகள். இதில் உடைந்தது எது? காணாமல் போன கையில் என்ன இருந்திருக்கும்? இது சுவரை ஒட்டி நின்றதா, நடுவில் நின்றதா? (பின்பக்கம் செதுக்காமல் விட்டிருந்தால் சுவரோடு இருந்தது.) ஆண்டு, அரசர் பெயர் கேட்காதீர்கள். அதைப் பலகையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். கடைசியில் குழு மாறி, ஒரு குழு இன்னொரு குழுவுக்குத் தன் பொருளைக் காட்டட்டும். காந்தி அருங்காட்சியகத்தில் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. அந்த அறைக்குப் படம் வரைகிற வேலை வேண்டாம்.

மகாலுக்கு வந்ததும் ஒரே கேள்வி: இந்த யாளிகளும் பூவேலையும் எதனால் ஆனவை? கோயில் தூணைப் பார்த்த பழக்கத்தில் எல்லாரும் "கல்லு" என்பார்கள். மேலே இருப்பது சுதை. செங்கல் கட்டின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி உருவாக்கியது. கல்லில் உளியால் எடுத்துக்கொண்டே போக வேண்டும், ஒரு சில்லு கூடுதலாகப் பெயர்ந்தால் மூக்கு போச்சு. சுதையில் சேர்த்துக்கொண்டே போகலாம், தப்பினால் வழித்துவிட்டுத் திரும்பப் பூசலாம். அதனால்தான் அங்கே வளைவும் நெளிவும் அவ்வளவு தாராளமாக இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிள்ளையை அடுத்து ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கூட்டிப்போனால், குதிரையின் காலுக்கு அடியில் கருங்கல்லைக் குடைந்து வெளிச்சம் தெரிய விட்டிருப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது நீங்கள் சொல்லாமலே தெரியும்.

ராமநாதபுரம் அரண்மனைச் சுவரோவியத்தைப் பார்த்தோம். ஒரே கசகசவென்று ஆட்கள். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?
– வாசகர், மானாமதுரை

அந்த அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் இருப்பவை பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஓவியங்கள், ராமநாதபுரத்தை ஆண்ட முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. அவற்றைப் புகைப்படம் பார்ப்பது போல ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. சுவரைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் கதை நகர்கிறது. முதலில் பட்டைகளைப் பிரிக்கும் கோடுகளைக் கண்டுபிடியுங்கள். அடுத்து ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். ஒரு காட்சியில் நான்கு ராமர் இருந்தால் நான்கு பேர் இல்லை, நான்கு நேரம். ஆட்கள் திரும்பியிருக்கும் திசைதான் கதை போகும் திசை. ஒரு மரமோ தூணோ வந்தால் காட்சி மாறுகிறது. கீழே தமிழில் எழுதியிருக்கும் விளக்கத்தையும் தேடுங்கள், சில இடங்களில் இன்னும் படிக்க முடிகிறது.

சேதுபதியை அடையாளம் காண்பது எளிது: சுற்றியுள்ளவர்களைவிடப் பெரியவராக, கூட்டத்தின் மையத்தில் இருப்பார். போர்க்களத்தில், ஐரோப்பியரை வரவேற்கும் சபையில், ராஜராஜேஸ்வரி அம்மன் கையால் செங்கோல் வாங்கும் இடத்தில் என்று பல இடங்களில் வருவார். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி பட்டாபிஷேகமும் செங்கோல் கொடுப்பதும் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிக் காட்சியை யாரும் விளக்க வேண்டாம்.

நிறம் ஏன் இவ்வளவு குறைவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுண்ணாம்புப் பூச்சின் காரம் தாங்கும் வண்ணங்கள் கொஞ்சம்தான்: காவி, மஞ்சள் மண், கரி, சுண்ண வெள்ளை, பச்சை மண் போன்றவை. செடிகொடிச் சாயம் அதில் நிற்காது. இதே கட்டுப்பாட்டுக்குள் ஒன்பதாம் நூற்றாண்டில் என்ன செய்தார்கள் என்று பார்க்கப் புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் போங்கள். விதானத்தில் தாமரைக் குளம்: மீன், யானை, எருமை, வாத்து, பூப்பறிக்கும் ஆட்கள். நிறைய உதிர்ந்துவிட்டது. மேற்குப் பார்த்த குடைவரை என்பதால் பிற்பகலில் போனால் உள்ளே வெளிச்சம் கூடுதல். கழுத்து வலிக்காமல் பார்க்கச் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கையில் மல்லாத்திப் பிடித்துக்கொள்ளலாம். ஓவியத்தில் வெயிலைத் திருப்பி அடிக்காமல் இருந்தால் சரி.

கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் பிள்ளைகளோடு போனோம். ஆடையில்லாத சிலைகள். பையன் கேட்டதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இறங்கிவிட்டோம்.
– வாசகி, நாகமலை புதுக்கோட்டை

உண்மையைச் சொல்லலாம்: எல்லாவற்றையும் துறந்தவர்கள், துணியையும் துறந்தார்கள். பிள்ளைகள் அதை ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள், நெளிவது நாம்தான்.

அந்த அடுத்த கேள்விக்குத் தயாராகப் போங்கள். தலைக்கு மேல் பாம்பு படமெடுத்திருந்தால் பார்சுவநாதர். காலிலும் கையிலும் கொடி சுற்றியிருந்தால் சமண முனிவர் பாகுபலி, அசையாமல் நின்று தவம் செய்ததால் கொடி ஏறிவிட்டது. மூன்று குடை அடுக்கியிருந்தால் தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் குரு. பேச்சிப்பள்ளத்தில் இவை ஒரே பாறையில் வரிசையாக இருப்பதால் பிள்ளைகளே ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார்கள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் இருப்பது, செய்வித்தவர்களைப் பற்றிய குறிப்பு. செட்டிப்புடவுக் குகைக்குள் சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானை மேல் வருபவனோடு போரிடும் பெண் தெய்வத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். காலை ஒன்பதுக்குள் போவது நல்லது. சாய்வெயிலில் புடைப்பின் நிழல் விழுந்து உருவம் எழும்பும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், பாறையும் சுடும்.

சிவகாசி காலண்டர் சாமிப் படங்கள் கலையில் சேருமா?
– வாசகர், விருதுநகர்

தாராளமாக. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தன் ஓவியங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். இந்தப் பக்கம் அதைத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டியில் குடியேறிய சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். காலண்டர் படத்தில் அம்மன் நேராக நம்மைப் பார்ப்பதும், பின்னால் திரைச்சீலை மாதிரி மலையும் மண்டபமும் நிற்பதும் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும். பழைய காலண்டரை எறிவதற்கு முன், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று ஒரு முறை பாருங்கள். முகத்தில் ஒரு பக்கமும் நகையில் இன்னொரு பக்கமுமாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, எவ்வளவு நேரம் தாங்கும்?
– வாசகி, பழங்காநத்தம்

வழிகாட்டி நல்லவர் வாய்த்தால் பாக்கியம். பெரும்பாலும் கதை சொல்வார், இசைத்தூண் இருந்தால் அதைக் காட்டுவார், அடுத்த ஆளுக்கு நேரமாகிவிட்டது என்பார். பேரம் பேசும்போதே "எட்டு இடம் வேண்டாம், மூன்று இடம் போதும், அங்கே நின்று காட்டுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். எந்தக் கல், எந்தக் காலம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர் இந்தக் கேள்விகளில் உற்சாகமாகிவிடுவார்.

அம்மாவுக்கு ஆயிரங்கால் மண்டபம் தோதான இடம், தரை சமம். செருப்பில்லாமல் நடக்க வேண்டியிருப்பதால் கல் சுடாத காலை நேரம் பாருங்கள். மெதுவாக நின்று நின்று நடப்பதுதான் முழங்காலுக்கு அதிகச் சிரமம். ஆகவே இரண்டு சிற்பத்துக்கு ஒரு முறை உட்கார வையுங்கள். மற்ற அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலி உண்டா என்று முந்தின நாளே போனில் கேட்டுவிடுங்கள். மாடிக்கு லிப்ட் வேலை செய்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.